படங்கு

ஐயர் இந்தப் பக்கத்தில் நின்றதே இல்லை.
சவுலின் மறுமனையாட்டி, ஆயாவின் மகள்,
வேதம் முழுக்க ஒரு வார்த்தை பேசாதவள்
ரிஸ்பாள்.
அப்பன் பழிக்கு ஈடாகத் தொங்கவிட்ட
ஏழு பேரின் கீழே
பாறையில் இரட்டை விரித்து உட்கார்ந்தாள்,
அறுப்பு தொடங்கி மழை இறங்கும்வரை.
பகலில் கழுகு, இரவில் நரி.
இரண்டுதான் அவள் பெற்றது.
ஏழையும் காத்தாள்.
அதன்பிறகுதான் ராஜாவுக்குக் காது கேட்டது.

இரட்டு எங்களுக்குத் தெரியும்.
இடுப்பில் படங்கு கட்டாமல்
கொளப்பள்ளியில் யார் கொழுந்தெடுக்கிறோம்?

போன சித்திரையில், பன்னிரண்டாம் நம்பர் காட்டில்
யானை இரண்டு பேரை அடித்தது.
கலெக்டர் வந்தால்தான் எடுப்போம் என்று
ரோட்டில் கிடத்தினார்கள்.
கோஷம் போட்டார்கள். டீ குடிக்கப் போனார்கள்.

கோயில் படி மிதிக்காத காத்தாயி போகவில்லை.
படங்கை அவிழ்த்துத் தாரில் விரித்து
தேயிலைக் கொப்பால் ஈ ஓட்டினாள்.
மகன்மேல் ஒரு வீச்சு,
ஜார்க்கண்ட் பையன்மேல் ஒரு வீச்சு.
அவன் பேர்கூட எங்கள் வாயில் சரியாக வராது.

விடியும்போது மழை பிடித்தது.
ஜீப்பும் வந்தது.

பதினேழாம் நாள் வேலைக்கு வந்தாள்,
அதே படங்கு.
நிரையில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டோம்.
காக்கை தாழப் பறந்தால் மட்டும்
கொழுந்தோடு அந்தக் கை
ஒருதரம் உயர்ந்து இறங்கும்.