இருபத்துநாலு மீற்றர்

மாரி போன பிறகும்
எங்கள் மைதானத்தின் மூன்றாம் வளைவில் தண்ணி நிற்கும்.
சுண்ணாம்பு வாளியோடு வந்த யாரோ
ஒரு வருசம் கோட்டை உள்ளே மடித்துப் போட்டார்.
தண்ணி வற்றியது.
கோடு வெளியே வரவில்லை.
பழைய வெள்ளையின் மேல்தானே
புதுச் சுண்ணாம்பு விழும்.

தம்பிலுவில். கடலுக்குக் கிட்ட.
பாதி புல், பாதி மணல்.
கச்சான் காற்றுக்கு அறுகு காய்ந்து குத்தும்.
சோளகமோ வாடையோ, ஏதோ ஒன்று
இராவணன் மீசையை உருட்டிக்கொண்டு வந்து
நாலாம் லேனில் எனக்கு முன்னால் ஓடவிடும்.
அதை மட்டும் நான் ஒருநாளும் முந்தியதில்லை.

வெறுங்கால்.
தொட்டாச்சுருங்கி எங்கே என்று
கண்ணுக்கு முதல் காலுக்குத் தெரியும்.
கோல் கம்பத்தடியில் ஒரு பள்ளம்:
அதில் இடக்கால் விழவேண்டும்,
வலக்கால் விழுந்தால்
கணுக்கால் நாலு நாளைக்கு என்னோடு பேசாது.
விடியப்புறம் மாடு எழும்பிப்போன இடம்
இன்னும் சூடாக இருக்கும்,
அதில் மிதிக்க எனக்கு விருப்பம்.

புல் ஒவ்வொரு அடியிலும்
கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்ளும்.
திருப்பித் தராது.
கடன் கொடுத்துக் கொடுத்தே ஓடினேன்.

எண்ணூறு மீற்றர்.
இரண்டு நிமிசம் பதினெட்டு செக்கன்.
றிஸ்மியா ஃபோனை என் மூக்கடியில் நீட்டினாள்.
"பிழை ஒண்டுமில்ல புள்ள,
ரெண்டு தரம் பார்த்திட்டன்."
நிந்தவூரிலிருந்து பஸ் ஏறி வந்து
என்னோடு ஓடித் தோற்று
எனக்கே நேரமும் பிடிப்பவள்.

கொழும்புக்கு இரவு பஸ்.
காலையில் அந்தச் சிவப்பு.
செங்கல்லும் இல்லை, செம்பாட்டு மண்ணும் இல்லை,
மழை பெய்தாலும் மணக்காத சிவப்பு.
இரவல் ஸ்பைக், பெருவிரலில் பஞ்சு அடைத்து.
காலை வைத்தேன்.
தந்தது!
வைத்த அடியை அப்படியே
உள்ளங்காலுக்குத் திருப்பித் தந்தது.
வட்டிக்காரனின் வாசலில்
சும்மா காசு கிடைத்தவள்போல் சிரித்தேன்.

முதல் சுற்றில் கண்ணுக்கு வேலையில்லை.
பள்ளமில்லை, முள்ளில்லை,
எந்தக் கால் எங்கே என்ற கணக்கில்லை.
வேலையில்லாத மனம்
நேரே நெஞ்சாங்கூட்டுக்குள் இறங்கி
மூச்சை எண்ணத் தொடங்கியது.
புல்லில் எனக்கு இவ்வளவு மூச்சு வாங்கியதா?
புல் என்னை எதையாவது பார்க்கச் சொல்லிக்கொண்டே
மறைத்து வைத்திருந்ததா?

கடைசி நேர்கோடு.
உடம்பு முடித்துவிட்டது.
கை தளர்ந்தது, தோள் இறங்கியது,
தண்ணிப் போத்தல் வரும் என்று வாய்கூடத் திறந்தது.
கோடு வரவில்லை.
இன்னும் வரவில்லை.
நாலு பேர் அவசரமே இல்லாமல்
என்னைத் தாண்டிப் போனார்கள்.

இரண்டு இருபத்துநாலு.

ஸ்பைக்கைக் குறை சொன்னேன். பஸ்ஸைக் குறை சொன்னேன்.
இரவு தின்ற கொத்துரொட்டியையும்.

வீதி வேலைக்கு வந்த யோகவேள்
அளவுச் சில்லை ஒருநாள் பின்னேரம்
விளையாட்டுக்கு உருட்டிப் பார்த்தான்.
முந்நூற்று எண்பத்தெட்டு.
இரத்தப் பரிசோதனை முடிவு சொல்லுகிறவன்போல்
மெதுவாகத்தான் சொன்னான்.
சுற்றுக்குப் பன்னிரண்டு.
முதலில் சிரித்தவள் றிஸ்மியா.
"மறுகா என்ன, நானும் அவ்வளவு தூரம் தோற்கல்லதானே."

இப்போது மூன்றாம் வளைவில்
கோட்டை விட்டு வெளியே போகிறேன்,
தண்ணி நிற்கிற இடத்துக்குள்ளால்.
முழங்கால் வரை சேறு.
கொக்கு ஒன்று எழும்பி, பிறகு எழும்பாமல் விட்டது.
அந்தப் பன்னிரண்டு மீற்றருக்கு
என் காலில் இன்னும் ஞாபகம் இல்லை.
ஒவ்வொரு முறையும் புதிதாகவே விழுகிறேன்.

போன மாசம் இல்லப் போட்டி.
சோதி இல்லத்துச் சின்னவள் ஒருத்தி
பழைய கோட்டில் ஓடி
என் பதினெட்டை முறித்தாள்.
ஒலிபெருக்கி அவள் பெயரை மூன்று தரம் சொன்னது.
கை வலிக்கத் தட்டினேன்.
யோகவேள் என்னைப் பார்த்தான்.

இன்னும் சொல்லவில்லை.