மூன்று சென்ட்

ஒத்தக்கடையில், யானைமலை நிழல் விழும் பக்கம்
வாங்கிப் போட்டிருந்த மூன்று சென்ட்டை
அமலோற்பவம் விற்றாள்.
அதற்குக் கிடைத்தது
ஆறடிக்கு இரண்டடியில் ஒரு படுக்கை,
அதுவும் பாதி நேரத்துக்கு.
காவல் முடிந்து இவள் வந்து சாயும்போது
அதிலிருந்து எழுந்து போகிறவர் நார்வேக்காரத் தபால்காரர்.
அவர் விட்டுப்போன சூட்டில்தான் தூக்கமே வருகிறது என்று
கேப் டவுனிலிருந்து எழுதியிருந்தாள்.
அண்ணனிடம் இதை நான் சொல்லவில்லை.

ஒன்பது படகுகள்.
எங்கள் படகில் பதினெட்டுப் பேர்:
பல் டாக்டர், பஸ் டிரைவர், ஓய்வுபெற்ற நீதிபதி,
எலும்பு முறிந்தவர்களை எழுப்பி நடக்கவைக்கும் இவள்.
சம்பளம் கேப்டனுக்கு மட்டும்.
மற்றவர்கள் காசு கொடுத்து நனைகிறவர்கள்.

வைகையில் முழங்கால் நனையாமல் வளர்ந்தவளுக்கு
ஏன் இந்த வேலை என்று
கீழமாசி வீதியில் கேட்காத கடையில்லை.
நான் தராசு பழுது பார்ப்பவன்.
முள் நிற்கும்வரை
பேசாமல் இருந்து பழகியவன்.

இரவு இரண்டு மணிக்குப் போனைத் திறந்தால் நீலம்.
எங்களுடையது மஞ்சள் புள்ளி, எட்டாவது.
நான்கு மணி நேரத்துக்கு ஒரு நெல்மணி தூரம் நகரும்.
வீட்டுக் கொடிக்கயிற்றில்
அவள் பழகிப் பார்த்த முடிச்சுகள் அப்படியே இருக்கின்றன.
அவிழ்க்கத் தெரியாமல்
அவற்றுக்கு நடுவிலேயே துணி காயப்போடுகிறேன்.

புதன்கிழமை ஆறு மணிக்கு
மஞ்சள் திரும்பியிருந்தது.
மேற்கே. வந்த வழியே.
பக்கத்தில் ஊர்ப்பெயர் ஒன்றுகூட இல்லை.
மோட்டார் சுவிட்சைப் போட்டவன்
போட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆறரைக்கு அழைப்பு. இரைச்சல். பிறகு அவள்.
"பச்சைப் படகுக்குப் பாய்மரம் முறிஞ்சிருச்சு.
ஒரு பொண்ணுக்குத் தோள்மூட்டு நழுவிருச்சு.
பக்கத்துல நாங்கதேன், முந்நூறு கிலோமீட்டர்."
"அப்ப போட்டி?"
"ஏங்க, மூட்டை ஏத்தத் தெரிஞ்சவ இங்க நான் ஒருத்திதான.
அலை கொஞ்சம் அடங்குனா
ரப்பர் படகுல அந்தப் பக்கம் மாறணும்."
அலை அடங்காவிட்டால் என்று நான் கேட்கவில்லை.
"அங்க என்ன சத்தம்? மழையா?"
"இல்ல. டேங்க் நிறைஞ்சு வழியுது."
"மோட்டாரை நிறுத்துங்க மொதல்ல"
என்றாள், அல்லது என்னவோ சொன்னாள்.
கோடு அறுந்தது.

ஞானஒளிவுபுரம் மூன்றாவது தெருவில்
தண்ணீர் ஒரு செருப்பைத் தூக்கிக்கொண்டு போனது.
எதிர்வீட்டு ததேயு மாடியிலிருந்து கத்தினார்.
குடம் இருபது ரூபாய்க்கு வாங்குகிற தெரு இது.
இறங்கிப் போய் நிறுத்தினேன்.
செருப்பு என்னுடையது.

மறுநாள் பத்து மணிக்கு
மஞ்சளும் பச்சையும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன.
பெரிதாக்கிப் பார்த்தும் பிரியவில்லை.
அழைப்பு வரவில்லை.
மிளகாய் மண்டிக்காரர் வந்து நின்றார்.
அவர் தராசு ஐம்பது கிராம் தப்பாகக் காட்டுகிறதாம்.
கூடவா, குறைவா என்று கேட்டேன்.
சொன்னார்.
மறுபடியும் கேட்டேன்.