நாற்பது நிமிடம்

பைன் மரம் அறுபட்டு, அரைபட்டு,
ஈரமெல்லாம் தொலைந்தபின் மிஞ்சுவதை
மாவு என்கிறார்கள் இந்த லாத்விய ஆலையில்.
மைதா போலத்தான். விரலில் வழுக்கும்.
இரும்பு உத்தரங்களின் மேல்
யாருக்கும் தொந்தரவில்லாமல் படுத்திருக்கும்.

ஷிப்டுக்கு வந்ததும் ஜிந்த்ரா
ஏணியேறி உத்தரத்தில் தன் பெயரை எழுதுவாள்.
எழுத்து தெளிவாக விழுந்தால்
அன்றைக்கு அங்கேதான் முதல் வேலை.
விழாவிட்டால் கேபிள் தட்டு,
அப்புறம் எவரும் அண்ணாந்து பாராத
குழாய்களின் முதுகு.
உறிஞ்சிதான் எடுக்க வேண்டும்.
காற்றுக் குழாயால் ஊதவே கூடாது.
உறங்குவதை ஊதி எழுப்பினால்
பிறகு ஒரு பொறி போதும்.

முதல் வெடி சின்னதாக இருக்கும்.
கதவு அதிரும், அவ்வளவு.
அந்த அதிர்வில் உத்தரத்துத் தூசி
மொத்தமும் கீழே இறங்கும்.
கூரையைக் கொண்டுபோவது இரண்டாவது.
தூசி என்றால் முன்னே செல்லும் படை என்றும்
பொருளுண்டு இதை எழுதும் மொழியில்.
ஜிந்த்ராவுக்கு அது தெரியாது.
தெரிந்த மாதிரிதான் துடைக்கிறாள்.

பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தொன்று.
கௌயா ஆறு கல்லாகக் கிடக்கிறது.
சன்னல்களெல்லாம் சாத்தி
காற்று எலும்புவரை காய்ந்த மாதம்;
கைப்பிடியைத் தொட்டாலே சுள்ளென்கிறது.

அதிகாலை மூன்று பத்து.
உறிஞ்சு குழாய்க்குள்ளிருக்கும் கண்
ஒரு சிவப்பைப் பார்த்தது.
இமைக்குமுன் நீர் பாய்ந்தது,
மடைக்கதவு விழுந்தது,
ஆலை வாயை மூடிக்கொண்டது.

சூப்பர்வைசர் ஐவர்ஸ் ஓடிவந்தான்.
"ஆறு மணிக்கு டென்மார்க் லாரி. ஓட்டு."
"பேரிங்கைப் பார்க்காமல் மாட்டேன்."
"கண்ணில்தான் கோளாறு இருக்கும்."
அவள் கையுறை கழற்றி
பேரிங் உறைமேல் உள்ளங்கை வைத்தாள்.
எடுத்தாள்.
அவன் கையைப் பிடித்து அங்கேயே வைத்தாள்.
அவனும் எடுத்தான்.

புது பேரிங் மாட்ட நாற்பது நிமிடம்.
பழையதில் கிரீஸ் இருந்த இடத்தில்
கறுத்த பொருக்கு.

பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
பேரிங் என்று எழுதினான் ஐவர்ஸ்.
'விளைவு' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சநேரம் நின்றது.
நாற்பது நிமிட உற்பத்தி நஷ்டம்.
வேறென்ன எழுதுவது?
நின்றுகொண்டிருக்கும் கூரைக்கு
அந்தப் பக்கத்தில் கட்டம் இல்லை.

பேருந்து நிறுத்தத்தில் ஜிந்த்ரா
காதுமடலைத் தடவினாள்.
விரலில் துளி மாவு.
யாராயிருந்தாலும் ஊதிவிட்டிருப்பார்கள்.
அவள் குனிந்து
பனியில் விரலை ஒற்றி எடுத்தாள்.