ஒருக்களித்து

கெம்னிட்ஸில் செவ்வாய்க்கிழமை மழை.
கடையில் மெத்தைகள் முப்பத்தாறு, மனிதர்கள் மூவர்.
ரோஸ்வீத்தா டிராம் ஓட்டுகிறவள்.
டெட்லெஃப் அவள் கணவன், கையில் சொட்டும் குடை.
அதை எங்கே வைப்பதென்று
கடைசிவரை அவனுக்குத் தெரியவில்லை.

"கெட்டியானது காட்டுங்கள்.
கெட்டிதான் முதுகுக்கு நல்லது."
பதினெட்டு வருடமாக இந்த வாக்கியத்தை
வெவ்வேறு மீசைகளுக்குக் கீழிருந்து கேட்கிறேன்.
மல்லாந்து படுப்பவர்களின் வாக்கியம்.

நான் அவளைக் கேட்டேன்: நீங்கள் எப்படிப் படுப்பீர்கள்?
சிவப்பு விளக்குக்கு நிற்பதுபோல் கொஞ்சம் நின்றாள்.
பிறகு காலணியோடு ஏறி,
எங்களுக்கு முதுகு காட்டி,
இடப்பக்கமாக ஒருக்களித்தாள்.

நான்காம் எண். பலகைக்குத் தங்கை முறை.
இறங்க இடமில்லாத தோள்
காதுவரை ஏறிக்கொண்டது.
இடுப்பெலும்பு ஒன்றே மொத்த உடம்பையும் சுமந்தது,
ஒருத்தர் சம்பளத்தில் ஓடும் குடும்பம்போல.
மத்தளத்துக்கு இரு பக்கம் இடி என்பார்கள்.
இவள் உரல்.
எல்லா இடியும் ஒரே பக்கம்.

முதல் எண்ணில் "ஆ" என்றாள்.
எல்லோரும் அங்கே "ஆ" என்பார்கள், நம்பக்கூடாது.
இரண்டே நிமிடம்.
ஈரப் போர்வை போட்ட கொடியாக
முதுகெலும்பு நடுவில் தொய்ந்தது.
சுகமாக இருப்பது வேறு,
தாங்குவது வேறு.
(இதைச் சொல்லும்போது டெட்லெஃப் என்னைப் பார்த்தான்.
நான் மெத்தையைத்தான் சொன்னேன்.)

அனுமதி கேட்டு,
இடைக்கும் மெத்தைக்கும் நடுவே கையை நுழைப்பேன்.
தாராளமாகப் போனால் கெட்டி அதிகம்.
போகவே மறுத்தால் மென்மை அதிகம்.
நெரிசலான டிராமில் ஒருவர்
முணுமுணுத்தபடி நகர்ந்து வழிவிடுவாரே,
அப்படிப் போக வேண்டும்.

இரண்டாம் எண்ணில் அப்படிப் போனது.
தலையணையை மாற்றினேன்:
தோளின் அகலமே தலையணையின் உயரம்.
முழங்கால்களுக்கு நடுவே சின்னதாக ஒன்று.
மர அளவுகோலை முதுகில் வைத்தேன்.
கழுத்திலிருந்து கீழ்வரை
தண்டவாளம்.

அப்போதுதான் டெட்லெஃப் கேட்டான்,
குடையைக் கை மாற்றியபடி:
"வீட்டிலும் அந்தப் பக்கம்தான் திரும்புகிறாய்."
"ஆமாம்."
"ஒன்பது வருடமாக."
"வலது தோள், டெட்லெஃப். அதன்மேல் படுக்க முடியாது."
"தோளா?"
"வேறென்ன?"

வேறென்னவாக இருந்ததென்று அவன் சொல்லவில்லை.
குடையிலிருந்து சொட்டியது
என் புதிய கம்பளத்தில் ஒரு வட்டம்.

அவள் புரண்டாள், மெதுவாக,
வளைவில் கடைசிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே திருப்புவதுபோல்.
வலது தோள் தயங்கியது, பிறகு இறங்கியது.
அவள் முகம் அவன் பெல்ட்டுக்கு நேராக வந்தது.
"வலிக்குதா?" என்றான்.
"கொஞ்சம்," என்றாள். திரும்பிப் படுக்கவில்லை.

அவளுக்கு இரண்டு, அவனுக்கு நான்கு.
ஒரே கட்டிலில் இரண்டு மெத்தை, இங்கே அதுதான் வழக்கம்.
பணம் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினான்:
"நடுவில் அந்த இடுக்கு... அதற்கு ஏதாவது உண்டா?"
உண்டு. நுரைப்பட்டை, பத்தொன்பது யூரோ.
நழுவும், பரிந்துரைக்க மாட்டேன் என்றேன்.
வாங்கினான்.

அவர்கள் போன பின் கதவு ஒருக்களித்தே கிடந்தது.
சாரல் உள்ளே வந்தது.
எழுந்து சாத்த வேண்டும்.
நான் குப்புறப் படுக்கிறவன்,
அதற்கு எங்களிடம் எண் இல்லை.