கதவு பூட்டியிருந்தது

தம்பி குணசீலன் சரக்குக் கப்பலில் இருக்கிறான்.
தெற்கே, பெயர் வாயில் நுழையாத ஒரு தீவிலிருந்து
படம் அனுப்பியிருந்தான்:
கருங்கல் கரையில் கொழுத்துக் கிடக்கும் கடல்நாய்,
அதன் மீசைக்கு ஒரு முழம் தள்ளி
இவனுடைய ரப்பர் பூட்ஸ்.
"மனுஷங்களையே பார்த்ததில்லையாம் அக்கா,
அதான் பயப்படல" என்றொரு குரல்,
பின்னால் காற்று.

அதை இரண்டாம் முறை கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.
இருபது கொண்டையூசி வளைவு.
பதினாலாவதில் வழக்கம்போல் காது அடைத்தது.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
நாகலூர்ப் பக்கம் நாற்பத்தொரு மீட்டர் எனக்கு.
கடைசி மீட்டர் காப்பித் தோட்டத்து உச்சியில்,
பம்பு ஷெட்டின் வெளிச்சுவரில், தனியாக.
போனால் திரும்ப ஒரு மணி நேரம்;
போகாவிட்டால் கேட்க ஆளில்லை.
போனேன்.

மேடேறித் திரும்பிப் பார்த்தால்
கீழே சேலம் இல்லை.
உருக்காலைப் புகைபோக்கி இல்லை,
ஐந்து ரோட்டு மேம்பாலம் இல்லை,
என் மொட்டைமாடியில் காயப்போட்ட துணி இல்லை.
பனி நாலு புறமும் வந்து முட்டி நின்றது,
பால் பொங்கி அடுப்பை அணைப்பதற்கு
முந்திய கணம் போல.
மிஞ்சியது ஒரு ஷெட், ஆறேழு சில்வர் ஓக்,
அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, நான்.
நானும் ஒரு தீவில்தான் நிற்கிறேன் என்று
தம்பிக்கு எழுத நினைத்தேன்.
சிக்னலும் இல்லை.

பெட்டியைத் திறந்து எண்ணைப் படித்தேன்.
நாலாயிரத்து நானூற்று
என்று தொடங்கும்போது
பின்னால் யாரோ ஈரச்சாக்கை இழுத்தார்கள்.

யாருமில்லை. மூச்சு.

முதலில் முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, நாலு,
பள்ளிக்கூட வேன் வருவதற்குக் காத்திருக்கிற மாதிரி.
பிறகு அவற்றின்மேல் பனியிலிருந்து
கொஞ்சங் கொஞ்சமாகக் கறுப்பு வந்து கூடியது.
நெஞ்சு. திமில்.
காப்பிக்கொட்டையைக் கைமறதியாய்க் கருகவிட்ட கறுப்பு.
காட்டுமாடு.
நடுவில் என் ஸ்கூட்டி மட்டும்.

மின்சாரம் தாக்கியவரை
வெறுங்கையால் தொடக்கூடாது,
காய்ந்த கட்டையால் தள்ள வேண்டும்
என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள்.
இதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

தலையைத் தாழ்த்தியது. முடிந்தது என்று நினைத்தேன்.
சாம்பல்நிற நாக்கொன்று நீண்டு வந்து
வண்டியின் வலது கைப்பிடியை நக்கியது.
மறுபடியும் நக்கியது,
இண்டு இடுக்கு விடாமல்.
கண்ணாடி ஒருபக்கமாய் மடங்கிக்கொண்டது.

நாற்பது மீட்டருக்கும் முறுக்கிய உள்ளங்கை வேர்வை,
இருபது வளைவின் பயம்,
காலையில் கணக்கு வரவில்லையென்று
மகனை அறைந்த கை,
அத்தனையும் உப்பாக அதன் நாக்கில்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
நான் இடவில்லை, அதுவாக எடுத்துக்கொண்டது.
இனி யார் யாரை நினைப்பது?

தம்பி, ஒன்று சொல்ல வேண்டும்.
இதற்கு மனிதரைத் தெரியும்.
முள்வேலி தெரியும், வெடிச்சத்தம் தெரியும்,
இடக்கொம்பில்
நீல நைலான் கயிறு ஒரு முழம் சுற்றியிருந்தது.
தெரிந்தும் நின்றது.

எப்போது போனதென்று சொல்லத் தெரியவில்லை.
பனி அதை வாங்கிக்கொண்ட பின்பும்
காப்பிச்செடிகள் அசைந்தன,
ஒரு இடத்தில் அல்ல,
எனக்கு இடப்பக்கம், வலப்பக்கம்,
ஷெட்டுக்குப் பின்னால்.
அத்தனை பேரும் அங்கேதான் இருந்திருக்கிறார்கள்.

எண்ணில் மிச்சம் இரண்டு இலக்கம்.
திரும்பிப் படிக்கக் கழுத்து வரவில்லை.
எண் இல்லையென்றால் கைக்கருவி காரணம் கேட்கும்.
மீட்டர் எரிந்துவிட்டது,
மீட்டர் ஓடவில்லை,
கதவு பூட்டியிருந்தது.
வேறெதையும் அது ஏற்காது.
கதவே இல்லாத மேட்டில்
மூன்றாவதை அமுக்கினேன்.

இறங்கும்போது கைப்பிடி பிசுபிசுத்தது.
துடைக்கவில்லை.
பதினாலாவது வளைவில் காது திறந்து
சேலம் மொத்தமும் ஹாரனாக உள்ளே வந்தது.