இருபத்துநான்கு பனிவாரிகள்

டுலூத்தில் பிப்ரவரி. இரவு மணி பதினொன்று.
குக்கீ ஆறியதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்து
ஆரஞ்சு ஐசிங்கைப் பிழிகிறாள் மார்லிஸ்.
இருபத்துநான்கு பனிவாரி வண்டிகள்;
நாளை வகுப்பில் எமெட்டுக்கு ஆறு வயது.
ஒரு பக்கத்தில் இரண்டு சக்கரம்தானே தெரியும் என்றாள்.
“நாலு,” என்றான்.
நாலு.

பத்தொன்பதாவதில் ஆரஞ்சு தீர்ந்தது.
மிச்சம் ஐந்தும் வெள்ளை.

விடிந்ததும் வானொலி: பள்ளி இல்லை.
ஜன்னலின் பாதிவரை பனி.

அழுவான் என்று பார்த்தாள்.
அவன் வெள்ளை வண்டிகளைத் தனியே ஒதுக்கி,
“இதெல்லாம் புதைஞ்சு போச்சு, தோண்டணும்,” என்று
நாக்கை நீட்டினான்.

தெருமுனையில் நிஜ வண்டியின் விளக்கு,
ஆரஞ்சாய், சுற்றிச் சுற்றி.
கையில் இரண்டு குக்கீயோடு
இடது கால் பூட்ஸைத் தேடுகிறாள் மார்லிஸ்.