ஒலியில்லாத் தட்டு

குவோப்பியோவிலிருந்து சிர்க்கு என்பவர் எழுதியிருந்தார்:
"உங்கள் பிளேயரில் எங்கள் டிவிடி ஓடவில்லை.
முதல் படம் வருகிறது. அப்படியே நிற்கிறது.
மற்றபடி நன்றி."

அந்த மற்றபடி நன்றிதான்
என்னை ராத்திரியெல்லாம் உட்காரவைத்தது.

என் மடிக்கணினிக்குத் தட்டைத் தின்ன வாயில்லை.
ஔலுவின் சனிக்கிழமைப் பழஞ்சந்தையில்
பனிச்சறுக்குக் காலணிகளுக்கும்
மூடி தொலைந்த காபிக் குடுவைக்கும் நடுவே
ஒரு டிரைவ் கிடந்தது. நாலு யூரோ.
"ஓடுமா?" என்றேன்.
"சுற்றும்" என்றார் விற்றவர்.

தபாலில் தட்டு வந்து சேர்ந்தது.
மேலே நீலப் பேனாவால்: கோடை நாடகம், 2004.
விர்ரென்று சுற்றி, தொண்டையைக் கனைத்து,
ஒரு புல்வெளியைக் காட்டியது.
ஒரு பிர்ச் மரம்.
கழுத்தருகே கையை உயர்த்திய
சிவப்புச் சட்டைக்காரி
உயர்த்தியபடியே நின்றாள்.

கீறல் என்று நினைத்தேன்.
கண்ணாடி துடைக்கும் துணியால்
நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தேன்.
கேபிளை மாற்றினேன்.
படிக்க முடியாத துண்டைத் தாண்டிப் போ என்று
புதிதாக நாற்பது வரி எழுதினேன்.
(அது வேறு யாருக்காவது உதவும்.)
இவள் நின்றுகொண்டே இருந்தாள்.
வெளியே மைனஸ் இருபத்தாறு,
மூன்று மணிக்கே இருட்டு.

கடைசியில்தான் பதிவேட்டைத் திறந்தேன்.
நொடிக்கு முப்பது முறை ஒரே புலம்பல்:
ஒலிக்காகக் காத்திருக்கிறேன்
ஒலிக்காகக் காத்திருக்கிறேன்
ஒலிக்காக

சிர்க்கு இதைச் சொல்லவில்லை.
சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்காது.
காது கேளாதோர் சங்கத்தின் நாடகம்.
கையால் பேசுவது, கண்ணால் கேட்பது.
தட்டில் ஒலித்தடம் என்று ஒன்றை
அவர்கள் பதியவே இல்லை.
எதற்குப் பதிய வேண்டும்?

பிளேயருக்கோ ஒலிதான் கடிகாரம்.
ஒலி ஓர் எட்டு வைத்தால்
படம் ஓர் எட்டு வைக்கும்.
ஒலி வாசலுக்கே வராவிட்டால்
படம் செருப்பை மாட்டிக்கொண்டு
நின்றுகொண்டே இருக்கும்.

எந்த மடையன் இப்படி எழுதினான் என்று
நிரலின் வரலாற்றைப் புரட்டினேன்.
பதினோரு வருடம் முன்பு, நவம்பர்,
விடிகாலை இரண்டே கால்:
இல்போ ரவுத்தியோ.
நான்தான்.
பக்கத்தில் ஒரு குறிப்பும்:
"ஒலி இல்லாத படத்தை எவன் பார்க்கப்போகிறான்?"
ஒரு சிரிப்புமுகம் வேறு.

திருத்தம் ஆறே வரி.
ஒலி இருந்தால் அதன் பின்னே போ.
இல்லையென்றால் இயந்திரத்தின் நாடியைப் பிடி.
சிரிப்புமுகத்தை அழித்தேன்.
வரலாற்றில் அது இருக்கும்,
அதை அழிக்க வழியில்லை.

கை இறங்கியது. புல் அசைந்தது.
ஐம்பத்திரண்டு நிமிடமும் பார்த்தேன்,
ஒரு சொல் புரியாமல்.
ஒருவன் படகை விற்கப் பார்க்கிறான்,
சிவப்புச் சட்டைக்காரி விடமாட்டேன் என்கிறாள்
என்று நினைக்கிறேன்.
படகு கடைசியில் யாருக்குப் போனது என்று
தெரியவில்லை.
நாலு யூரோ டிரைவ் மட்டும்
நடுநடுவே இருமியது.

சிர்க்குவுக்கு எழுதினேன்:
வியாழக்கிழமை புதிய பதிப்பு வருகிறது.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
மூன்று வாரம் அந்தக் கை
என் மேசைமேல் நின்றிருக்கிறது.
பல் துலக்கும்போது கண்ணாடி முன்னால்
நானும் அதைப் போல உயர்த்திப் பார்த்திருக்கிறேன்.
பாதியில் நின்ற அந்தச் சொல் என்ன?

வெள்ளிக்கிழமை பதில் வந்தது.
"ஓடுகிறது. சங்கத்தில் பதினான்கு பேர் பார்த்தோம்.
அரை வேகத்தில் போட்டால் விரல்கள் துள்ளுகின்றன,
புதிதாகக் கற்பவர்களுக்குச் சிரமம். அதையும் கவனியுங்கள்.
நீங்கள் கேட்டது சொல் அல்ல.
ஜூலை மாதம், ஏரிக்கரை.
ஐனா கொசு அடித்தாள்.
மற்றபடி நன்றி."

இன்றிரவு அரை வேகத்தில் போட்டிருக்கிறேன்.
விரல்கள் துள்ளத்தான் செய்கின்றன.
கை மெல்ல, மிக மெல்ல,
கழுத்தை நோக்கிப் போகிறது.
கொசு கண்ணுக்குத் தெரியவில்லை.
இந்த வேகத்தில்
அது தப்பித்திருக்கும்.